ஜிசெல் நொண்டிக்குக் கம்பியைப் பிடித்துத் தயாராவது

'ஜிசெல்' என்ற பாலே நாடகம் 1841ல் பாரிசில் அரங்கேறியபோது, முதல் அங்கத்தில் நாயகி ஜிசெல் நொண்டியடிக்கும் இந்தத் தனி ஆட்டம் கிடையாது. பிற்பாடு ரஷ்யாவில் நடன அமைப்பாளர் பெட்டிபா காலத்தில் சேர்ந்தது. அதில் எல்லோரும் பயப்படும் இடம் ஒன்றுதான்: இடது பாயின்டில், அதாவது ஷூவின் முனையில் நின்று, நொண்டியடித்தபடியே மேடையைக் குறுக்காகக் கடக்க வேண்டும், வலது கால் காற்றில் சின்ன வட்டம் போட்டுக்கொண்டே வரும். வட்டமா, பலோனேயா (காலை நீட்டி மடக்குவது) என்பது குழுவுக்குக் குழு மாறும்.

பாண்டி ஆடும்போது கணுக்கால் மடங்கி நிமிர்ந்துதான் நம்மைத் தூக்குகிறது. இங்கே அது கூடவே கூடாது. கணுக்கால் பூட்டியபடி இருக்க, துள்ளல் முட்டியிலிருந்து வரவேண்டும். முட்டி லேசாக மடங்கியே இருக்கும். விறைத்தால் ஒவ்வொரு இறக்கமும் கெண்டைக்கால் எலும்பிலும் இடுப்பிலும் இடிக்கும். அதிகம் மடங்கினால் இடுப்பு பின்னே தள்ளி, குதிகால் தாழ்ந்துவிடும்.

ஒற்றைக் காலில் 16 ரெலவே (குதிகாலைத் தூக்கி எழுவது), பாதம் உள்ளே வெளியே சாயாமல் வந்தால் மட்டும் ஆரம்பியுங்கள். ஷூவையும் பாருங்கள். ஷாங்க் (உள்ளங்காலைத் தாங்கும் விறைப்பான அடிப்பட்டை) தளர்ந்த பழைய ஜோடி சாதாரண வகுப்புக்கு இதமாக இருக்கலாம், நொண்டிக்கு ஆகாது. பாதம் பெட்டியை (விரல்களை மூடும் கெட்டியான முனையை) தாண்டி முன்னால் சரியும், விரல்கள் உள்ளே மடங்கும். நல்ல ஷூவிலும் பாத வளைவை முழுக்க முன்னே தள்ளாமல், ஒரு நூல் பின்னே இழுத்துப் பிடியுங்கள்.

முதலில் பயிற்சிக் கம்பியைப் பார்த்து இரண்டு கையும் வைத்து நில்லுங்கள். முழங்கை தளர்ந்து உடலுக்குச் சற்று முன்னால், விரல்கள் கம்பியின் மேல். கட்டைவிரலால் வளைத்துப் பிடிக்க வேண்டாம். இரண்டு காலும் பாயின்டில், முட்டி லேசாக மடங்க, 8 துள்ளல். தரைக்கும் ஷூவுக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால் போதும். பிறகு இடது காலில் மட்டும் 4, இறங்கி ஓய்வு, மறுபடி 4. சில நாளில் 8, அப்புறம் 16.

இசையை மெதுவாக்கிப் பழகலாம் என்று தோன்றும். வேண்டாம். தாளம் இழுபட்டால் இன்னும் உயரமாகத் துள்ள வேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம். வேகத்தை அப்படியே விட்டுவிட்டு எண்ணிக்கையைக் குறையுங்கள்.

அடுத்து இடது கை மட்டும் கம்பியில். வலது கால் பக்கவாட்டில் 45 டிகிரி. வட்டம் முட்டிக்குக் கீழேதான், தொடை அசையாது. தொடை ஆடினால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் இடது ஷூவின் முனை தரையில் திருகும். இது நிலைத்ததும் ஒவ்வொரு துள்ளலுக்கும் அரை ஷூ நீளம் முன்னேறுங்கள். கையும் கம்பி மேல் வழுக்கிக்கொண்டே வரட்டும். பிடித்த இடத்திலேயே கை தங்கினால் இடது தோள் பின்னே திருகிக்கொள்ளும்.

கம்பி ஏமாற்றும். எடையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்வது நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் ஒவ்வொரு நான்காவது துள்ளலிலும் விரலை ஓர் அங்குலம் தூக்குங்கள். அந்த ஒன்றில் மட்டும் 'டக்' சத்தம் பெரிதாகக் கேட்டால் கம்பியை விட்டு நடு அறைக்குப் போக இன்னும் நாள் வரவில்லை என்று அர்த்தம்.

ஒரு நாளைக்கு 16 வீதம் 3 தடவை, அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். குதிகால் நரம்பிலோ கெண்டைக்கால் எலும்பிலோ குத்தினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மேடையில் இடது கால்தான் என்றாலும், வலதிலும் அதே எண்ணிக்கை செய்துவிடுங்கள்.