பெரியப்பா துப்பாக்கியின் பூர்வீகம்

லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ‘இது என்ன போர் (குழலின் உள்விட்ட அளவு), எந்த ஊர்த் தயாரிப்பு?’ என்று கேட்டார்கள். மயிலாப்பூர் வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அது தாத்தா கொக்கு சுட்ட துப்பாக்கி, அவ்வளவுதான்.

பெரியப்பாவோடு லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப்போனேன். 12 போர் தோட்டா நுழையவே இல்லை. துருவை எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்ததும் (உப்புத்தாள் போட்டால் முத்திரை போய்விடும், ஜாக்கிரதை) பக்கத் தகட்டில் கிரீடம், ‘டவர்’ (லண்டன் டவர் ஆயுதசாலையின் முத்திரை), 1861. ஆனால் தோட்டா போடும் இடத்தில் வலப்பக்கம் திறக்கும் கதவு! 1861-இல் பிரிட்டிஷ் ராணுவ என்ஃபீல்டு துப்பாக்கி என்றால் குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற ரகம். அந்தக் கதவு 1866-இல் ஏற்கப்பட்ட ஸ்னைடர் முறை. பழைய என்ஃபீல்டுகளின் பின்பக்கத்தை வெட்டி அதைப் பொருத்தினார்கள். அதன் மூலக் குழல் அளவு .577 அங்குலம், ஏறக்குறைய 24 போர் (போர் எண் கூடினால் குழல் சிறியது).

குழலுக்குள் ரைஃபிள் வரிகள் (குண்டைச் சுழலவைக்கும் பள்ளங்கள்) இல்லை, வழுவழுவென்றிருந்தது; பிறகு யாரோ கடைந்திருக்க வேண்டும். ஆக, இரண்டு முறை மாறிய துப்பாக்கி. அளவையும் முத்திரைப் படங்களையும் இணைத்து விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தோம். கரிமருந்துக் காலத்து இரும்பு, இன்றைய தோட்டாவைத் தாங்காது. சுடவே கூடாதென்று பெரியப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.