போட்டி மென்பொருளை வெளியேற்றும் பொதிகள்: பொதி கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில், இறுதியாண்டுச் செயல்திட்டமாகத் தமிழ்த் தட்டச்சுக் கருவி ஒன்றை எழுதி, அதை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவுவதற்கான பொதியாக்கிக் கொண்டுவரும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நிரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதே வேலையைச் செய்யும் வேறொரு மென்பொருள் பயனரின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் என்பதை எண்ணாமல் பொதி கட்டும் இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது. உரிமக் கோப்பை மறப்பது, விவரிப்பைக் காலியாக விடுவது போன்றவற்றை பொதிகளைச் சோதிக்கும் லின்டியன் கருவியே சுட்டிக்காட்டிவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

போட்டியாளரை முரணாக அறிவிப்பது

பொதியின் விவரங்களைச் சொல்லும் கன்ட்ரோல் கோப்பில், உடன் இருக்கக்கூடாத பொதிகளைக் குறிக்கும் 'கான்ஃப்ளிக்ட்ஸ்' என்றொரு புலம் உண்டு. அதில் லினக்ஸின் தட்டச்சு உள்ளீட்டு அமைப்பான ஐபஸ்ஸின் பெயரை எழுதி வைப்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு.

டவுன்ஹால் ரோடு பக்கம் உள்ள ஒரு டிடிபி கடையில், முகூர்த்த மாதத்தில், ஒரு மாணவர் தம் கருவியை நிறுவிக் கொடுத்தார். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று தானே பதில் சொல்லிக்கொள்ளும்படி பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளையை இயக்கியதால், ஐபஸ் நீக்கப்படும் என்ற அறிவிப்பு திரையில் ஓடியதை யாரும் பார்க்கவில்லை. ஐபஸ் போனதும் அதைச் சார்ந்திருந்த ஐபஸ்-எம்17என் பொதியும் போயிற்று. அதனுடன் அந்தக் கடையில் தட்டச்சு செய்பவர் பழகியிருந்த தமிழ்99 விசைப்பலகையும் போயிற்று. புதிய கருவியில் ஒலிபெயர்ப்பு முறை மட்டுமே இருந்தது. பத்திரிகை வேலை குவிந்து கிடக்க, அந்தப் பெண்மணி கேட்டது ஒன்றுதான்: "புதுசைப் போடுங்க, வேணாம்னு சொல்லலை. பழசை எதுக்குத் தம்பி தூக்குனீங்க?"

இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கினால் எழுத்துகள் குழம்பும் என்பது மாணவரின் பதில். ஒரே நேரத்தில் இயங்கக்கூடாது என்பதற்கும் ஒரே கணினியில் இருக்கக்கூடாது என்பதற்கும் உள்ள தொலைவை அவர் கவனிக்கவில்லை. ஐபஸ், அதைப் போன்ற எஃப்சிஐடிஎக்ஸ் இரண்டையும் நிறுவி வைத்துக்கொண்டு, எது இயங்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பயனரும் தாமே தேர்ந்துகொள்வதற்காகவே டெபியனிலும் உபுண்டுவிலும் ஐஎம்-கான்ஃபிக் என்ற கருவி இருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. போஸ்ட்ஃபிக்ஸ், எக்சிம் போன்ற அஞ்சல் வழங்கிகளின் கன்ட்ரோல் கோப்பைப் பார்த்து, 'புரொவைட்ஸ்', 'கான்ஃப்ளிக்ட்ஸ்', 'ரிப்ளேசஸ்' என்ற மூன்று வரிகளையும் அப்படியே நகலெடுக்கிறார்கள். அந்த வழங்கிகள் 'செண்ட்மெயில்' என்ற நிரலை ஒரே பாதையில் வைக்க வேண்டியிருப்பதால், ஒரு கணினியில் ஒன்றுதான் இருக்க முடியும். அவற்றுக்கு அந்த வரிகள் தேவை. தட்டச்சுக் கருவிகளுக்கிடையே அப்படிப் பொதுவான கோப்பு எதுவும் இல்லை. கோப்பே மோதினாலும், முரண் அறிவிப்பு பெரும்பாலும் சிறந்த தீர்வாகாது என்றுதான் டெபியன் கொள்கை ஆவணம் எச்சரிக்கிறது. பொதியை வெளியிடுமுன் ஆப்ட்-கெட்டை ஒத்திகை முறையில் ஓட்டி, நீக்கப்படும் பொதிகளின் பட்டியலில் ஒரு பெயராவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதற்குரிய காரணத்தை எழுத்தில் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

இயல்பிருப்பைப் பறிப்பது

ஒரே வேலைக்கான பல நிரல்களில் எது இயல்பாக இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் அமைப்பில் ஒவ்வொரு போட்டியாளரும் ஒரு முன்னுரிமை எண்ணுடன் பதிவாகிறது. டெபியனில் 'எடிட்டர்' என்ற பெயருக்கு, உரைத் திருத்திகளில் நானோ 40 என்றும் முழுமையான விம் 30 என்றும் பதிவாகின்றன. பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதவரை பெரிய எண் வெல்லும். பொதியின் நிறுவல் நிரல் தன்னைப் பதிவு செய்துகொள்வதோடு நிற்க வேண்டும். அது 'செட்' கட்டளையை இட்டால், அமைப்பு கைமுறை நிலைக்கு மாறிவிடும். பயனர் ஏற்கெனவே செய்த தேர்வு அழிவதோடு, பின்னால் வரும் கூடுதல் எண்ணுள்ள பொதியும் தானாக முன்னுக்கு வராது. முன்னுரிமையை 1000 என்று போட்டுக்கொள்வதும் இதே அத்துமீறல்தான்.

நீக்கும்போது பதிவை விட்டுச்செல்வது

பதிந்ததை எடுத்துவிட்டுப் போங்கள்.

ஃபிளாட்பேக்கிலும் தருவது

எந்த லினக்ஸிலும் நிறுவத்தக்க ஃபிளாட்பேக் வடிவிலும் தரலாம். ஆனால் டெப் (டெபியன்) பொதியும் உள்ள கணினியில் பட்டியலில் இரண்டு சின்னங்கள் தோன்றக்கூடும், அமைப்புகளும் பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும் என்பதை நிறுவல் குறிப்பில் எழுதுங்கள்.

பெயரைத் தேடிப் பார்க்காமல் வைப்பது

ஹாம் ரேடியோ பயனர்களுக்கான பழைய பொதி ஒன்று 'நோட்' என்ற கட்டளைப் பெயரை வைத்திருந்ததால், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ் அதே பெயரைக் கேட்டபோது வழக்கு டெபியனின் தொழில்நுட்பக் குழுவரை சென்று 2012இல்தான் தீர்ந்தது. நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட்டுக்கும் இதே நிலைதான்: அந்தப் பொதிப்பெயரை குனு கருவி ஒன்று முன்பே எடுத்திருந்ததால், அது நெடுங்காலம் 'கிட்-கோர்' என்ற பெயரில் இருந்தது. உங்கள் கருவிக்கு 'தமிழ்' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.