சோற்றைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுங்கள்

முதியோர் இல்லத்தில் ஒருவர் அரைக் கோப்பைச் சோற்றோடு எழும்பிவிடுகிறாரா? இன்னும் போட்டுக் கெஞ்சாமல், அவர் சாப்பிடும் அந்த அரைக் கோப்பையைச் சத்தாக்குங்கள். இடியப்பத்துக்கும் புட்டுக்கும் தேங்காய் முதற்பால் சேர்த்த சொதி, காலைக் கஞ்சியில் ஒரு பிடி பயறு, உழுத்தங்களியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், மத்தியானம் அவித்த முட்டை. டின்னில் வரும் சத்துமாவைவிட இவை மலிவு, பழகிய ருசியும் கூட.

வயது போகப் போக வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரி, கொழுப்பில் 9. அதனால் அந்த ஒரு கரண்டி நல்லெண்ணெயே ஏறத்தாழ 120 கலோரி தரும், அதாவது அரைக் கப் சோற்றுக்குக் குறையாது. முட்டையும் பயறும் தசை கரையாமல் இருக்க வேண்டிய புரதத்துக்கு. பலன் தெரிய மாதம் ஒருமுறை நிறை பாருங்கள்.

பித்தப்பைக் கல், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். நீரிழிவுக்காரருக்குக் களியில் பனங்கட்டியும் சீனியும் கூடாது. சாப்பிடும்போது இருமுகிறார், புரைக்கேறுகிறது என்றால் அது விழுங்குவதில் உள்ள சிக்கல். முதலில் அதைக் காட்டுங்கள். பொய்ப்பல் குத்துவதால் சாப்பாட்டை ஒதுக்குபவருக்கும் எண்ணெய் உதவாது, பல்லைத்தான் சரிசெய்ய வேண்டும்.