கையில டிக்கட் இருக்கோணும், இறங்கும் வரைக்கும்

திருகோணமலையில இருந்து தூர பஸ்ஸில போறவர்கள் காசு குடுத்ததும் டிக்கட்டைக் கேட்டு வாங்குங்கோ. நடுவழியில பரிசோதகர் ஏறினா, "காசு குடுத்திட்டன்" என்ற பேச்சு எடுபடாது.

வாங்கினதும் இறங்கும் இடத்தையும் தொகையையும் பாருங்கோ. கந்தளாய்க்கு எடுத்துவிட்டு ஹபரணை வரை போக நினைச்சா, கந்தளாய் தாண்டுமுன் மேலதிகக் காசைக் குடுத்து அடுத்த டிக்கட்டை எடுக்கோணும்.

மெஷின் டிக்கட் வெப்பத்தில அச்சாகிறது. வியர்வைச் சட்டைப்பையிலயோ ஃபோன் கவருக்குள்ளயோ வைச்சா எழுத்து மங்கும். பேர்ஸில, காசுத்தாளுக்கு நடுவில வையுங்கோ. மிச்சக்காசைப் பின்பக்கம் எழுதித் தந்திருந்தா இன்னும் கவனம், அந்தத் துண்டுதான் சாட்சி.

ரயிலில கொழும்பு கோட்டையில இறங்கினாலும் வாசலில டிக்கட் கேட்பினம். பிள்ளையிட கையில குடுக்காதேங்கோ.