தைராய்டு பரிசோதனை தேவையா என்று முடிவெடுப்பது எப்படி?

சோர்வு, முடி உதிர்வு, எடை கூடுதல் ஆகிய மூன்றும் தைராய்டு சுரப்புக் குறைவில் வருபவைதாம். ஆனால் இரத்தசோகையிலும் தூக்கக் குறைவிலும் இவற்றில் சில வருவதால், ஓர் அறிகுறியை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது. எனவே முதலில் ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். கைப்பேசிச் செயலியைவிட, மருத்துவரின் மேசையில் விரித்துக் காட்டக்கூடிய நோட்டையே நான் விரும்புகிறேன். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமலேயே ஒரு நிமிடம் முழுவதும் நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். மலச்சிக்கல், குரல் கரகரப்பு, மாதவிடாயின் அளவு, வீட்டில் மற்றவர்கள் மின்விசிறியைக் கூட்டும்போது உங்களுக்கு மட்டும் போர்வை தேவைப்படுகிறதா என்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுரப்பு மிகும்போது இதற்கு நேர்மாறாகப் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எடை இழப்பு ஆகியவை தோன்றும்.

அடுத்து, கண்ணாடி முன் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். குரல்வளைக்குக் கீழே ஏதேனும் புடைப்பு விழுங்கலோடு ஏறி இறங்கினால், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். கருவுற்றிருப்பவர்களும், கருவுற எண்ணி இருப்போரில் குடும்பத்தில் தைராய்டு நோய் உள்ளவர்களும், லித்தியம் (மனநல மருந்து) அல்லது அமியோடரோன் (இதயத்துடிப்புச் சீர்கேட்டுக்கான மருந்து) உட்கொள்பவர்களும் உடனே மருத்துவரிடம் பேசுங்கள். படபடப்புடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பரிசோதனை என்றால் முதலில் டிஎஸ்எச் ஒன்றே பெரும்பாலும் போதும். இது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் பெரும்பாலும் இது கூடும், சுரப்பு மிகுந்தால் இது குறையும். அது இயல்பிலிருந்து விலகினால், தைராய்டே சுரக்கும் ஹார்மோனான டி4-ஐ அளக்கும் ஃப்ரீ டி4 பார்க்கலாம். தொடக்கத்திலேயே பெரிய 'தைராய்டு பேக்கேஜ்' வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

நான் தவறியது இதற்குப் பிறகுதான். முடி உதிர்வுக்காக 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரையை நாள்தோறும் எடுத்துக்கொண்டிருந்தேன். அதை வைட்டமின்தானே என்று எண்ணி ஆய்வகத்தில் சொல்லவில்லை. டிஎஸ்எச் மிகக் குறைவாகவும் டி4 மிகுதியாகவும் வந்ததால், சுரப்பு மிகுந்திருப்பதாகத் தெரிந்தது. ஆனால் என் நோட்டில் நாடி 58 என்றும், குளிர் தாங்கவில்லை என்றும், மலச்சிக்கல் என்றும் எழுதியிருந்தது. தாளும் உடலும் ஒத்துவராததைக் கண்ட மருத்துவர், என்னென்ன மாத்திரைகள் எடுக்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் உண்மை விளங்கியது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே ஒட்டுப்பொருளாகக் கொண்டு ஹார்மோனை அளப்பதால், இரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் டிஎஸ்எச் அளவைக் குறைத்தும் டி4 அளவைக் கூட்டியும் காட்டிவிடுகிறது. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது டிஎஸ்எச் 11 இருந்தது, அதாவது உண்மையில் இருந்தது சுரப்புக் குறைவு. பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாட்கள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அளவு மிகுதியானால் எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

முடிவைப் படிக்கும்போது உங்கள் ஆய்வகம் அச்சிட்டுள்ள இயல்பு வரம்பையே பாருங்கள். டிஎஸ்எச்சுக்குப் பெரியவர்களில் அது ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்கும், கர்ப்பத்தில் மாறும். டிஎஸ்எச் சற்றே கூடி டி4 இயல்பாக இருந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் சோதித்த பிறகே மாத்திரை குறித்து முடிவெடுப்பார்கள்.

பின்சேர்க்கை: ஏற்கெனவே தைராக்ஸின் (சுரப்புக் குறைவை ஈடுசெய்யும் டி4 மாத்திரை) எடுப்பவர்கள், அன்றைய மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு போடலாமா என்று கேட்டிருந்தார்கள். போடலாம், விழுங்கிய சில மணி நேரத்துக்கு டி4 உயர்ந்திருக்கும் என்பதால் அதுவே நல்லது. டிஎஸ்எச் காலையில் கூடியும் பிற்பகலில் குறைந்தும் இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் இரத்தம் கொடுங்கள்.