கட்டணம் வாங்காத தாவரவியல் ஆய்விதழுக்குத் தலைமை ஆசிரியராகப் போகிறீர்களா?

எழுதுபவரிடமும் காசு வாங்குவதில்லை, படிப்பவரிடமும் காசு வாங்குவதில்லை. இப்படி நடக்கும் ஆய்விதழ்களை டைமண்ட் ஓபன் அக்சஸ் என்கிறார்கள். 2021-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, உலகம் முழுக்க இந்த வகையில் 17,000 முதல் 29,000 இதழ்கள் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டது. பெரும்பாலானவை ஒரு சங்கமோ ஒரு துறையோ இரண்டு மூன்று பேரை வைத்து ஓட்டும் சின்ன இதழ்கள். நானும் அப்படி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன். பணம் இல்லாமல் நின்றுபோன இதழை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்ட ஒரே ஆள் ஓய்ந்து போனதால் நின்றவற்றைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே சொல்வதெல்லாம் உங்கள் இதழ் உங்களை நம்பி மட்டும் இருக்காமல் பார்த்துக்கொள்வதற்காக.

பொறுப்பை ஏற்கிறேன் என்று சொல்வதற்கு முன்னால், சாவியெல்லாம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். இணையதளப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது, புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் யாருக்குப் போகிறது, சர்வர் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும், இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் யார் பேரில் வாங்கினார்கள் என்று ஒவ்வொன்றாக. நான் முதலில் உதவிக்குப் போன இதழில், ஓய்வுபெற்ற ஒருவரின் பழைய கல்லூரி முகவரிக்குத்தான் அந்த மின்னஞ்சல்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் அதைத் திறந்தே பல மாதம் ஆகியிருந்தது, ஒருநாள் தளம் கிடைக்கவில்லை, மூன்று வருட இதழ்களைக் கட்டுரை எழுதியவர்களிடம் ஒவ்வொரு பிடிஎஃபாகத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2000-க்கும் 2019-க்கும் இடையில் 170-க்கும் மேற்பட்ட ஓபன் அக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்கள் இணையத்திலிருந்தே காணாமல் போனதாக ஒரு ஆய்வுக் குழு கண்டுபிடித்துச் சொன்னது. இதழ் நடத்த உதவும் ஓஜேஎஸ் மென்பொருளில் நடத்துகிறீர்கள் என்றால், அதை உருவாக்கிய பிகேபி அமைப்பு தரும், இதழ்களின் நகல்களைக் காத்துவைக்கும் இலவச வலைப்பின்னலில் முதல் வாரமே சேர்ந்துவிடுங்கள். பொறுப்பேற்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

அடுத்து செலவு. கட்டணம் வாங்கவில்லை என்பதால் செலவு இல்லை என்று ஆகிவிடாது. ஓஜேஎஸ் இலவசம், இந்தியாவில் ஐஎஸ்எஸ்என் எண்ணும் இலவசம். கட்டுரைக்கு நிரந்தர அடையாளமாக இருக்கும் டிஓஐ எண்ணுக்கு, அதைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பில் ஆண்டுச் சந்தாவும், புதுக் கட்டுரை ஒன்றுக்கு ஒரு டாலரும் ஆகும். சர்வர் வாடகை இருக்கிறது, பக்க வடிவமைப்பு இருக்கிறது. இதையெல்லாம் கூட்டி ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் சங்கமோ நிறுவனமோ இத்தனை வருடத்துக்கு இதைத் தரும் என்று கையெழுத்து வாங்குங்கள். வாய் வார்த்தையை நம்பி இறங்க வேண்டாம், துறைத் தலைவர் மாறினால் அந்த வார்த்தையும் போய்விடும். ஐரோப்பாவில் 2011-இல் தொடங்கிய ஐரோப்பியன் ஜர்னல் ஆஃப் டாக்ஸானமி இந்த விஷயத்தில் நல்ல முன்மாதிரி: பல அருங்காட்சியகங்களும் தாவரவியல் தோட்டங்களும் கூட்டாகச் சேர்ந்து அதைத் தாங்குகின்றன. நம் பக்கத்தில் கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸாவும் தாவரக் கட்டுரைகளைக் கட்டணம் கேட்காமல்தான் போடுகிறது. கையில் காசு குறையும்போது, சீக்கிரம் வேண்டும் என்பவர்களிடம் மட்டும் ஒரு சின்னத் தொகை வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் கொடுத்தவர் வரிசையில் முந்துகிறார் என்று ஆனபிறகு, கட்டுரைகளை நீங்கள் மதிப்பிடும் விதத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்கள் நேரத்தையும் இதே மாதிரி கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 120 கட்டுரை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆறு மணி நேரம் என்றால் 720 மணி நேரம், வேலைநாள் கணக்கில் தொண்ணூறு நாள்! பாடம் நடத்தி, ஆய்வு மாணவர்களையும் பார்த்துக்கொண்டு இதை ஒருவர் தாங்க முடியாது. அதனால் பிரிவு ஆசிரியர்களைப் போடுங்கள்: புல் வகைக்கு ஒருவர், ஆர்க்கிடுக்கு ஒருவர், பெரணிகளுக்கு ஒருவர், தாவர உடலியங்கியலுக்கு ஒருவர். மூன்று வருடப் பதவிக்காலம், அதற்குமேல் ஒரே ஒருமுறை நீட்டிப்பு. பட்டியலில் பெயருக்காக இருப்பவர்களை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள், சங்கடமாகத்தான் இருக்கும். இதழுக்குப் பொருந்தாத கட்டுரையை ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்புவது எழுதியவருக்கும் நல்லது, கட்டுரையைப் படித்துத் தரம் சொல்லும் மதிப்பீட்டாளர்களைத் தேவையில்லாமல் களைப்பாக்காமலும் இருக்கும்.

இனி தாவரவியலுக்கே உரிய விஷயம், இதில் தவறினால் திருத்துவது கஷ்டம். புதுச் சிற்றினத்தின் பெயர் செல்லுமா செல்லாதா என்பது உங்கள் வெளியீட்டு முறையைப் பொறுத்தது. 2012 ஜனவரி 1 முதல், அச்சு இல்லாமலே இணையத்தில் பெயர் வெளியிடலாம், ஆனால் பிடிஎஃப் வடிவில், ஐஎஸ்எஸ்என் அல்லது (புத்தகம் என்றால்) ஐஎஸ்பிஎன் உள்ள வெளியீட்டில் வர வேண்டும். விவரணை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி, அதாவது ஹோலோடைப், எந்த ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) இருக்கிறது என்று ஒரே ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும், கோயம்புத்தூர் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்றால் அதை. 1990-இலிருந்தே இது விதி, இன்னமும் கட்டுரைகளில் விட்டுவிடுகிறார்கள். வெளியான பிறகு பிடிஎஃபில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, பிழை இருந்தால் தனியாகத் திருத்தக் குறிப்பு போடுங்கள். தளத்தில் முன்கூட்டியே ஏற்றும் வரைவுக்கு, இது இறுதிப் பதிப்பு அல்ல என்று பெரிதாக எழுதுங்கள், இல்லையென்றால் பெயர் எந்தத் தேதியில் வெளியானது என்று பின்னால் சண்டை வரும். அப்புறம், இந்தியாவில் கண்டெடுத்த புது இனம் என்றால் 2002 உயிர்ப்பன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து வவுச்சர் (சான்று) மாதிரி ஒப்படைக்க வேண்டும். கட்டுரை வரும்போதே அதற்கான சான்றைக் கேளுங்கள்.

அரிய செடி எங்கே இருக்கிறது என்ற விவரத்தில் எனக்கு வளைந்து கொடுக்க மனம் வராது. அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்ற ஆர்க்கிடை, அழகுக்காகவே பறித்துப் பறித்து அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட செடிக்குத் துல்லியமான ஜிபிஎஸ் புள்ளியை அச்சிட்டால் திருடுபவருக்கு வரைபடம் கொடுத்த மாதிரி. வட்டம், மலைத்தொடர் பெயரோடு நிறுத்துங்கள், முழு விவரம் ஹெர்பேரியத்தில் இருக்கட்டும்.

ஓபன் அக்சஸ் இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயில் சேர விண்ணப்பியுங்கள். அங்கே ஒரு நல்ல விதி இருக்கிறது: ஆசிரியர் குழுவும் மதிப்பீட்டாளர்களும் எழுதியவை ஒரு இதழில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கல்லூரி முதல்வர் தன் கட்டுரையை நீட்டும்போது இந்த விதியைக் காட்டலாம், அவர் மனம் கோணாமல் மறுக்க உதவும். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களைச் சொல்லும் யுஜிசி-கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டது, ஆகவே நல்ல இதழ் எது என்று மாணவர்கள் இப்போது தாங்களே தேடிப் பார்க்கிறார்கள். மதிப்பீடு எப்படி நடக்கிறது, சராசரியாக எத்தனை நாள் ஆகிறது, எத்தனை கட்டுரையை மறுத்தோம் என்று தளத்தில் வெளிப்படையாகப் போடுங்கள்.

மதிப்பீட்டாளர்களுக்குச் சம்பளம் தர முடியாது. அவர்கள் சொன்னதால் கட்டுரை எப்படி மாறியது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். இப்படி எழுத ஆரம்பித்த பிறகு, எங்களிடம் இரண்டாவது முறை கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் கூடினார்கள்.

இரண்டாவது வருடத்தில் ஒரு இதழை முழுக்க உங்கள் துணை ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் தளத்துக்குள் நுழையவே வேண்டாம். எங்கே தடுக்கியது என்று அவர் எழுதிக் கொடுக்கும் பட்டியலை வைத்துத்தான் அடுத்து வருபவருக்கான கையேட்டைத் தொடங்க வேண்டும்.