நகரச் சாலைக்கு எந்த அகல டயர்?

சைக்கிள் டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள். 37-622 என்பதுபோல் ஓர் எண் புடைத்திருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். விட்டம் ரிம்மோடு முடிவாகிவிட்டது, அகலத்தில்தான் நமக்குச் சுதந்திரம்.

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிற என் கணக்கு 35 முதல் 40 வரை. மெல்லிய டயர்தான் வேகம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். வழவழப்பான பந்தயத் தளத்தில் போய்ச் சொல்லட்டும். குண்டும் குழியுமான சாலையில், இறுக்கமாகக் காற்றடித்த 25 டயர் ஒவ்வொரு அதிர்வையும் மணிக்கட்டுக்கு அனுப்பும். காற்றைக் குறைத்தாலோ, பள்ளத்தின் விளிம்பில் ட்யூப் ரிம்மோடு நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். அகல டயர் குறைந்த காற்றிலும் தாங்கும், நனைந்த சாலையில் பிடிப்பும் கிடைக்கும்.

வாங்குமுன், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் பின்சக்கரத்தருகே ஃப்ரேமிலும் இடைவெளியை அளந்துவிடுங்கள். புது டயர் போக, இருபுறமும் 5 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். மட்கார்டு இருந்தால் இன்னும் கூடுதலாக. சேறும் இடம் கேட்கும் அல்லவா? ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் அதன் இரு கைகளுக்கிடையே டயர் நுழையுமா என்றும் பார்க்க வேண்டும். ட்யூபும் அந்த அகலத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும்.